டைம்-வெயிட் குவிகிறது: கர்னல் செட்டிங்கா, மூடாத இணைப்பா?

‘சர்வரில் டைம்-வெயிட் எண்ணிக்கை 20,000-ஐத் தாண்டிவிட்டது. எந்த செட்டிங்கை மாற்றுவது?’ மூடிய டிசிபி இணைப்பு உடனே மறையாமல் சிறிது நேரம் காத்திருக்கும் நிலைதான் டைம்-வெயிட். அதைப் பற்றி இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் நாலைந்து சிஸ்சிடிஎல் வரிகளை, அதாவது கர்னல் செட்டிங்குகளை, கையிலேயே வைத்திருப்பார்கள். எங்கோ பார்த்து எடுத்து வைத்தவை. அவற்றில் ஒன்று இன்றைய லினக்ஸ் கர்னலில் இல்லவே இல்லை. இன்னொன்றின் பெயர் பொருத்தமாகத் தெரியும், ஆனால் டைம்-வெயிட்டைத் தொடுவதே இல்லை. மூன்றாவது ஒன்று நன்றாக வேலை செய்யும், அவர்களுடைய சிக்கலுக்கு அல்ல, வேறொருவருடைய சிக்கலுக்கு. அதனால் எதை மாற்றுவது என்பதை அப்புறம் பார்ப்போம். எதை வைத்து முடிவெடுப்பது என்பதிலிருந்து தொடங்கலாம்.

## அந்த 60 நொடி எதற்கு?

ஒரு டிசிபி இணைப்பை எந்தப் பக்கம் முதலில் மூடுகிறதோ, அந்தப் பக்கத்தில்தான் டைம்-வெயிட் உட்காரும். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. வழியில் எங்கோ தேங்கிய பழைய பாக்கெட் ஒன்று தாமதமாக வந்து, அதே முகவரி, அதே போர்ட்டில் தொடங்கிய புதிய இணைப்புக்குள் புகுந்துவிடக் கூடாது என்பது முதல் காரணம். கடைசி ஒப்புகை தொலைந்துபோனால் எதிர்ப்பக்கம் ஃபின் (‘முடித்துக்கொள்கிறேன்’ என்னும்) பாக்கெட்டை மறுபடி அனுப்பும், அதற்குப் பதில் சொல்ல இங்கே ஒருவர் இருக்க வேண்டும் என்பது இரண்டாவது.

1981-இல் வந்த ஆர்எஃப்சி 793 என்ற இணையத் தர ஆவணம் ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச ஆயுளை 2 நிமிடம் என்று வைத்து, அதன் இரு மடங்கு, அதாவது 4 நிமிடம் காத்திருக்கச் சொன்னது. லினக்ஸ் அதை 60 நொடியாகச் சுருக்கிக்கொண்டது. இந்த 60 கர்னலின் மூலநிரலிலேயே எழுதப்பட்ட எண். இதை மாற்ற எந்த சிஸ்சிடிஎல்லும் கிடையாது.

சரி, இதனால் என்ன கெடுதல்? நினைவகம் என்று பலர் பயப்படுகிறார்கள். டைம்-வெயிட்டில் இருக்கும் இணைப்புக்கு முழு சாக்கெட் இருப்பதில்லை, சில நூறு பைட்டில் ஒரு சின்னப் பதிவு மட்டும்தான் இருக்கும். 30,000 சேர்ந்தாலும் பத்து எம்பி அளவில்தான் நிற்கும்.

உண்மையான தட்டுப்பாடு போர்ட்டுக்குத்தான். நம் சர்வர் வேறொரு சர்வரை அழைக்கும்போது கர்னல் தன் பக்கத்தில் ஒரு போர்ட்டை எடுத்துக்கொள்கிறது. இயல்பான வரம்பு 32768 முதல் 60999 வரை, மொத்தம் 28,232 போர்ட்டுகள். ஒவ்வொன்றும் பயன்படுத்திய பின் 60 நொடி முடங்கிக் கிடந்தால், நொடிக்குச் சுமார் 470 புதிய இணைப்புகளுக்கு மேல் போக முடியாது. அதைத் தாண்டினால் பிழை எண் 99 வரும், ‘கேட்ட முகவரியை ஒதுக்க முடியவில்லை’ என்ற பொருளில். என்ஜின்எக்ஸ் (கோரிக்கைகளைப் பின்தளத்துக்குக் கடத்தும் ப்ராக்ஸியாகவும் ஓடும் வெப் சர்வர்) லாகில் இந்த 99 கண்ணில் பட்டால் சந்தேகப்பட வேண்டிய முதல் இடம் இதுதான்.

இந்த 470 என்பது சர்வருக்கான மொத்தக் கணக்கு அல்ல. மூல ஐபி, சேரும் ஐபி, சேரும் போர்ட் என்ற ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனித்தனியாக 470. பத்து வெவ்வேறு சர்வர்களோடு பேசும் இயந்திரத்துக்கு ஒவ்வொரு திசையிலும் ஒரு 28,232 உண்டு. ஒரே டேட்டாபேஸையோ ஒரே பின்தள சர்வரையோ விடாமல் தட்டும் இயந்திரம்தான் மாட்டிக்கொள்கிறது.

## எந்தப் பக்கத்து டைம்-வெயிட்?

எதையும் ஒப்பிடும் முன் இதைப் பார்த்தே ஆக வேண்டும். இணைப்புகளைப் பட்டியலிடும் ‘எஸ்எஸ்’ கட்டளையில் டைம்-வெயிட் நிலையை மட்டும் வடிகட்டி, பெயராக மாற்றாமல் எண்களாகவே காட்டச் சொல்லுங்கள். இரண்டு பத்திகள் வரும்: நம் முகவரி, எதிர் முகவரி.

நம் பத்தியில் எல்லா வரியிலும் 443 அல்லது 80 இருந்து, எதிர்ப் பத்தியில் விதவிதமான ஐபிகளும் பெரிய போர்ட் எண்களும் இருந்தால், இவை நம்மிடம் வந்து போனவர்களின் இணைப்புகள். இங்கே நம் போர்ட் எதுவும் தீர்வதில்லை. ஒரே 443-இல் லட்சம் பேர் வரலாம். அதே வாடிக்கையாளர் அதே போர்ட்டில் உடனே திரும்பி வந்தாலும், அவருடைய டைம்ஸ்டாம்ப் (பாக்கெட் சுமந்து வரும் கடிகார எண்) அல்லது வரிசை எண் பழையதைவிட முன்னே இருந்தால் லினக்ஸ் டைம்-வெயிட்டை ஒதுக்கிவிட்டுப் புதிய இணைப்பை ஏற்றுக்கொள்ளும். இதற்கு எந்த செட்டிங்கும் வேண்டாம்.

மாறாக, நம் பத்தியில் 41872, 52310 என்று பெரிய எண்களும், எதிர்ப் பத்தியில் எல்லா வரியிலும் ஒரே ஐபியும் 3306, 6379, 8080 போன்ற ஒரே போர்ட்டும் இருந்தால், அழைப்பவர் நாம். மூடுபவரும் நாம். கட்டுரையின் மீதி முழுவதும் இவர்களுக்காகத்தான்.

## எதை வைத்து எடை போடுவது

நான்கு கேள்விகளைக் கேட்கிறேன். நொடிக்கு இத்தனை இணைப்பு என்ற உச்சவரம்பு உண்மையிலேயே எவ்வளவு உயரும்? தரவு கெடவோ பாதியில் அறுபடவோ வழி உண்டா? மாற்றத்தை யார் செய்ய வேண்டும்: ரூட் அனுமதி உள்ளவரா, நிரல் எழுதுபவரா, இல்லை எதிர்ப்பக்கத்துக் குழுவா? சரியாக அமையாவிட்டால் அது எப்படி வெளியே தெரியும்?

கடைசிக் கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்பு தருகிறேன். சத்தமாகப் பிழை காட்டும் தீர்வைக் கண்டுபிடித்துத் திருத்திவிடலாம். சத்தமில்லாமல் சிலருக்கு மட்டும் இணைப்பு கிடைக்காமல் செய்யும் தீர்வு மாதக்கணக்கில் உயிரை வாங்கும்.

| வழி | உச்சவரம்பு, ஒரே இலக்குக்கு | தரவு ஆபத்து | யார் மாற்றுவது | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| போர்ட் வரம்பை அகலமாக்குவது | நொடிக்குச் சுமார் 470-இலிருந்து 1,075 வரை | இல்லை | ரூட் | நம் சேவைகளின் போர்ட்டுகளோடு மோதல் |
| ‘ரீயூஸ்’ செட்டிங் | கணக்குப்படி போர்ட் எண்ணிக்கை அளவுக்கே, நொடிக்கு | மிகக் குறைவு | ரூட் | டைம்ஸ்டாம்ப் இல்லாவிட்டால் சத்தமில்லாமல் செயலற்றுப்போகும் |
| கூடுதல் ஐபி அல்லது போர்ட் | ஒவ்வொன்றுக்கும் இன்னொரு மடங்கு | இல்லை | இரு பக்கமும் | பராமரிப்பு |
| இணைப்பைத் திறந்தே வைப்பது | கேள்வியே எழாது | இல்லை | நிரல், ப்ராக்ஸி அமைப்பு | டைம்அவுட் பொருத்தம், சுமைப் பகிர்வு |
| யூனிக்ஸ் சாக்கெட் | கேள்வியே எழாது | இல்லை | இரு பக்கமும், ஒரே இயந்திரத்தில் | வரிசை நிரம்பினால் உடனடிப் பிழை |
| ‘லிங்கர்’ பூஜ்ஜியம் | கேள்வியே எழாது | உண்டு | நிரல் | அறுந்த பதில்கள் |

## போர்ட் வரம்பை அகலமாக்குவது

‘ஐபி_லோக்கல்_போர்ட்_ரேஞ்ச்’ என்ற செட்டிங்கில் 1024 முதல் 65535 வரை என்று எழுதினால் 64,512 போர்ட்டுகள் கிடைக்கும். நொடிக்குச் சுமார் 1,075 இணைப்பு. ஒரு நிமிட வேலை, சர்வரை நிறுத்த வேண்டியதில்லை, தரவுக்கு ஆபத்தில்லை. இரவு பத்து மணிக்குப் பிழை 99 கொட்டிக்கொண்டிருந்தால் முதலில் இதைச் செய்துவிட்டு மற்றதை நாளை காலையில் யோசிக்கலாம்.

செலவு பிறகு வரும். 8080-இல் ஓடும் நம் சேவையை ஒருநாள் மறுதொடக்கம் செய்கிறோம். அது கீழே இறங்கி மேலே வரும் சில நொடிகளில், வெளியே போகும் ஏதோ ஓர் இணைப்புக்கு கர்னல் 8080-ஐயே கொடுத்துவிட முடியும். சேவை எழும்ப மறுக்கும், ‘முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்று சொல்லும். எப்போதாவது ஒருமுறை மட்டும் நடப்பதால் யாருக்கும் காரணம் பிடிபடாது. இதற்கு மருந்து ‘ஐபி_லோக்கல்_ரிசர்வ்டு_போர்ட்ஸ்’. அதில் நம் சேவைகளின் போர்ட்டுகளைப் பட்டியலிட்டால் கர்னல் அவற்றைத் தானாக எடுக்காது, சேவை தானே கேட்டால் கொடுக்கும். அந்தப் பட்டியலைப் பராமரிக்க மாட்டோம் என்று தோன்றினால் 1024 வேண்டாம். 10000-இலிருந்து தொடங்கினாலே 55,536 போர்ட்டுகள், நொடிக்கு 925 இணைப்பு கிடைத்துவிடும்.

இன்னொன்று சிபியு. வரம்பு நிரம்பிக்கொண்டே வரும்போது, ஒவ்வொரு புதிய இணைப்புக்கும் காலியான போர்ட்டைத் தேடி கர்னல் பல எண்களைத் தட்டிப் பார்க்கிறது. இயல்பு வரம்பில் அது முதலில் இரட்டைப்படை எண்களைத் தேடும். அவை தீர்ந்த பிறகுதான் ஒற்றைப்படைக்கு வரும். அதனால் ஒரே இலக்குக்கு 14,000 இணைப்புகளைத் தாண்டும்போதே, பிழை எதுவும் வராமல் இணைப்பு நேரம் கூடுவது தெரியலாம். வரம்பை அகலமாக்குவது இந்தத் தேடலைத் தள்ளிப்போடுமே தவிர ஒழிக்காது.

போக்குவரத்து இன்றைய உச்சத்தைவிட ஒரு மடங்குக்கு மேல் வளராது என்று தெரிந்தால் இது மட்டுமே போதும். வளரும் என்றால் இது தற்காலிகம்தான்.

## ரீயூஸ்: மூடிய இணைப்பின் இடத்தை மறுபடி எடுப்பது

‘டிசிபி_டிடபிள்யூ_ரீயூஸ்’. பெயர் பலரைக் குழப்புகிறது. இது பழைய இணைப்பை உயிர்ப்பித்து மறுபடி பயன்படுத்துவதில்லை. புதிய இணைப்பு ஒன்றைத் தொடங்கும்போது, டைம்-வெயிட்டில் முடங்கியிருக்கும் அதே போர்ட்டை எடுத்துக்கொள்ளக் கர்னலுக்கு அனுமதி தருகிறது, அவ்வளவுதான். வெளியே போகும் இணைப்புகளுக்கு மட்டுமே பொருந்தும். இணைய வாசகர்களுக்குப் பக்கங்களைப் பரிமாறும் வெப் சர்வரில், அந்த 443 வரிகளுக்காக இதை இயக்குவதில் எந்தப் பயனும் இல்லை.

மதிப்புகள் மூன்று. 0 என்றால் இல்லை. 1 என்றால் எல்லா இலக்குக்கும். 2 என்றால் லூப்பேக் இணைப்புகளுக்கு மட்டும், அதாவது 127-இல் தொடங்கும் முகவரிகளுக்கு. 4.19 கர்னலிலிருந்து இயல்பு மதிப்பு 2. ஆகவே, ஒரே இயந்திரத்தில் என்ஜின்எக்ஸிலிருந்து 127.0.0.1-க்குப் போகும் இணைப்புகளுக்கு இது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதே இயந்திரத்தை 10.0.0.5 போன்ற அதன் சொந்தத் தனியார் ஐபியால் அழைத்தால் கர்னல் அதை லூப்பேக்காகக் கணக்கில் எடுப்பதில்லை. பின்தள முகவரியை 127.0.0.1 என்று மாற்றி எழுதியதுமே சிக்கல் தீர்கிறதா என்று பாருங்கள். பின்தளம் அந்த முகவரியில் கேட்டுக்கொண்டிருந்தால், ரூட் அனுமதியே தேவைப்படாது.

இது ஏன் பெரும்பாலும் பாதுகாப்பானது? டிசிபி டைம்ஸ்டாம்ப்தான் காரணம். 1992-இல் ஆர்எஃப்சி 1323 அதைக் கொண்டுவந்தது, 2014-இல் ஆர்எஃப்சி 7323 புதுப்பித்தது. ஒவ்வொரு பாக்கெட்டும் ஏறிக்கொண்டே போகும் ஒரு கடிகார எண்ணைச் சுமந்து செல்லும். பழைய இணைப்பிலிருந்து தாமதமாக வரும் பாக்கெட்டில் பழைய எண் இருக்கும், எனவே அது தூக்கி எறியப்படும். கர்னல் பழைய இணைப்பில் கடைசியாக டைம்ஸ்டாம்ப் வந்து 1 நொடியாவது கடந்த பிறகுதான் அந்தப் போர்ட்டைத் தொடுகிறது. போதாக்குறைக்கு, புதிய இணைப்பின் தொடக்க வரிசை எண்ணையும் பழையது நின்ற இடத்திலிருந்து 65,000-க்கும் மேல் தள்ளி வைக்கிறது. 60 நொடிக் காத்திருப்பு 1 நொடியாகிவிடுவதால், கணக்குப்படி நொடிக்கு 28,000 இணைப்புகள் வரை இடம் கிடைக்கும். அதற்கு வெகு முன்பே வேறு ஏதாவது நிரம்பிவிடும்.

கர்னல் ஆவணம் இந்த செட்டிங்கைப் பற்றி, நிபுணர் ஆலோசனையின்றி மாற்ற வேண்டாம் என்றுதான் சொல்கிறது. பயமுறுத்தும் வரி. இருந்தாலும் டைம்ஸ்டாம்ப் இரு பக்கமும் இயங்குவதை உறுதி செய்த உள் நெட்வொர்க்கில், சர்வருக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே இதை 1 ஆக்கத் தயங்க வேண்டியதில்லை என்பது என் தீர்மானம்.

தயங்க வேண்டிய இடங்களும் உண்டு. டைம்ஸ்டாம்பை அணைக்கச் சொல்லும் பழைய ‘பாதுகாப்பு’ப் பட்டியல்கள் இன்னும் சுற்றுகின்றன. அதைப் பின்பற்றிய சர்வரில் ரீயூஸை 1 ஆக்கினால் எந்தப் பிழையும் வராது, எந்த மாற்றமும் நடக்காது. எதிர்ப்பக்கம் டைம்ஸ்டாம்ப் பேசாவிட்டாலும் இதே கதைதான்.

நடுவில் ஃபயர்வால் இருந்தால் அதற்கென்று ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. லினக்ஸின் கான்ட்ராக் என்ற இணைப்புப் பட்டியல் இயல்பாக டைம்-வெயிட்டை 120 நொடி வைத்திருக்கும், ஆனால் புதிய சின் (இணைப்பைத் தொடங்கும்) பாக்கெட் வந்தால் புதிய இணைப்பாக எடுத்துக்கொள்ளும். எல்லா ஃபயர்வால் பெட்டிகளும் அப்படி இளகிய மனதோடு நடந்துகொள்வதில்லை. சில அதே நாலு எண்களோடு (இரு பக்கத்து ஐபி, போர்ட்) வரும் சின் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். கடைசி ஒப்புகை தொலைந்து, எதிர்ப்பக்கம் இன்னும் மூடி முடிக்காத நிலையில் நம் சின் போய்ச் சேர்ந்தாலும் ஒரு சின்னத் தடுமாற்றம் வரும்: நம் பக்கம் ரீசெட் (இணைப்பை உடனே முறிக்கும் பாக்கெட்) அனுப்பிப் பழையதைத் துடைத்துவிட்டு, 1 நொடி கழித்து மறுபடி சின் அனுப்பும். எங்கோ சில இணைப்புகள் மட்டும் சரியாக 1 நொடி தாமதமாவதைக் கண்டால் இதையும் நினைவில் வையுங்கள்.

அப்புறம் கன்டெய்னர். இந்த செட்டிங்கும் போர்ட் வரம்பும் ஒவ்வொரு நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்கும் (கன்டெய்னருக்கெனப் பிரித்த நெட்வொர்க் சூழலுக்கும்) தனி. ஹோஸ்டில் மாற்றிவிட்டு, டாக்கருக்குள் ஓடும் நிரல் மாறும் என்று காத்திருந்தால் மாறாது. கன்டெய்னரைத் தொடங்கும்போதே அதற்கான சிஸ்சிடிஎல்லாகக் கொடுக்க வேண்டும்.

## கூடுதல் ஐபி, கூடுதல் போர்ட்

சேர்க்கைக்கு 28,232 என்பதால், சேர்க்கைகளைக் கூட்டினால் இடமும் கூடும். பின்தள சேவையை 8080, 8081 என்று இரண்டு போர்ட்டில் கேட்க வைத்தால் இரு மடங்கு. சுமை சோதனைக் கருவிகளுக்கும், லட்சக்கணக்கான வெப்சாக்கெட்டுகளை ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கும் ப்ராக்ஸிகளுக்கும் இதுதான் சரியான வழி. அங்கே போர்ட்டுகளை நிரப்புவது டைம்-வெயிட் அல்ல, உயிரோடு இருக்கும் இணைப்புகள். ரீயூஸ் அவற்றைத் தொட முடியாது.

மூல ஐபியை நிரலே தேர்ந்தெடுத்து பைண்ட் செய்தால் ஒரு பொறி உண்டு. சேருமிடம் எது என்று தெரியும் முன்பே கர்னல் போர்ட்டை ஒதுக்கிவிடும், அந்தப் போர்ட் எல்லா இலக்குக்கும் வீணாகும். 4.2 கர்னலில் வந்த ‘ஐபி_பைண்ட்_அட்ரஸ்_நோ_போர்ட்’ என்ற சாக்கெட் விருப்பம் இதைத் தீர்க்கிறது.

## இணைப்பைத் திறந்தே வைப்பது

மூடாத இணைப்புக்கு டைம்-வெயிட் கிடையாது. மேலே சொன்னவை எல்லாம் மூடிய பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றியவை. இது மூடுவதற்கான காரணத்தையே எடுத்துவிடுகிறது. மூன்று கட்டக் கைகுலுக்கலும், டிஎல்எஸ் இருந்தால் அதன் பேச்சுவார்த்தையும் மிச்சமாவதால், டைம்-வெயிட் சிக்கலே இல்லாதவர்களுக்கும் பதில் நேரம் குறையும். தேர்வு என் கையில் இருந்தால் எப்போதும் இங்கேதான் தொடங்குவேன்.

இப்படித் திறந்தே வைப்பதற்குக் கீப்-அலைவ் என்று பெயர். நிறையப் பேர் ‘நாங்கள் ஏற்கெனவே கீப்-அலைவ் போட்டிருக்கிறோம்’ என்பார்கள். பாதிதான் போட்டிருப்பார்கள். என்ஜின்எக்ஸில் வாசகர் பக்கத்துக் கீப்-அலைவ் வேறு, பின்தளப் பக்கத்துக் கீப்-அலைவ் வேறு. பல ஆண்டுகளாக ஓடிவரும் பதிப்புகளில் பின்தளத்துக்கு எச்டிடிபி 1.0-ஐத்தான் இயல்பாகப் பேசும், ஒவ்வொரு கேள்விக்கும் புது இணைப்பு. அப்ஸ்ட்ரீம் (பின்தள சர்வர்களைக் குறிப்பிடும்) பகுதியில் கீப்-அலைவ் எண், ப்ராக்ஸி பதிப்பு 1.1, கனெக்‌ஷன் தலைப்பைக் காலியாக்குவது, மூன்றும் சேர்ந்தால்தான் வேலை செய்யும். இரண்டை மட்டும் போட்டால் எதுவும் மாறாது. அந்தக் கீப்-அலைவ் எண் ஒவ்வொரு ஒர்க்கர் பிராசஸுக்கும் தனி என்பதும், சும்மா இருக்கும் இணைப்புகளைத்தான் அது எண்ணுகிறது, மொத்த உச்சவரம்பு அல்ல என்பதும் கவனிக்க வேண்டியவை.

கோ மொழியில் எழுதுபவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அதன் இயல்பான எச்டிடிபி கிளையன்ட் கீப்-அலைவோடுதான் வருகிறது, ஆனால் ஒரு ஹோஸ்டுக்கு 2 சும்மா இருக்கும் இணைப்புகளை மட்டுமே வைத்துக்கொள்ளும். ஒரே நேரத்தில் 100 கோரிக்கைகள் எச்டிடிபி 1.1-இல் ஒரே ஹோஸ்டுக்குப் போய் முடிந்தால், 2 இணைப்புகள் தங்கும், மீதி 98-ஐ நாமே மூடுவோம். அத்தனையும் நம் பக்கத்து டைம்-வெயிட். ஒரு ஹோஸ்டுக்கான அந்த எண்ணை உங்கள் ஒரே நேரக் கோரிக்கைகளின் அளவுக்கு ஏற்றுங்கள். பதிலின் உடலை முழுதாகப் படித்து மூடாவிட்டாலும் இணைப்பு, மறுபடி பயன்படுத்த வைத்திருக்கும் தொகுப்புக்குத் திரும்பாது. பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் நேரடியாக ‘கெட்’ அழைப்பதும் இதே மாதிரிதான், ஒவ்வொரு முறையும் புது இணைப்பு. செஷன் ஒன்றை உருவாக்கி அதன் வழியாக அழைக்க வேண்டும். நோட்.ஜேஎஸ் 19-இலிருந்து வெளி அழைப்புகளைக் கையாளும் இயல்பான ஏஜென்டில் கீப்-அலைவ் இயங்குகிறது. அதற்கு முந்தைய பதிப்பில் நாமே இயக்க வேண்டும்.

இனி செலவுகள். முதலும் பெரிதும் டைம்அவுட் பொருந்தாமை. நோட் சர்வர் சும்மா இருக்கும் இணைப்பை இயல்பாக 5 நொடியில் மூடும். முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் அப்ஸ்ட்ரீம் இணைப்பை 60 நொடி வைத்திருக்கும். நோட் மூடிக்கொண்டிருக்கும் அதே கணத்தில் என்ஜின்எக்ஸ் ஒரு கோரிக்கையை அனுப்பினால், வாசகருக்கு 502 பிழை (பின்தளத்திலிருந்து சரியான பதில் இல்லை) போகும். ஆயிரத்தில் ஒன்று என்று அங்கங்கே வரும். பலர் இந்த 502-ஐப் பார்த்துப் பயந்து கீப்-அலைவையே எடுத்துவிட்டு, மறுபடி சிஸ்சிடிஎல் தேடப் போகிறார்கள். விதி எளிது: அழைப்பவரின் காத்திருப்பு நேரம், அழைக்கப்படுபவரின் நேரத்தைவிடக் குறைவாக இருக்கட்டும். எப்போதும் அழைப்பவரே முதலில் மூடட்டும். அப்போது டைம்-வெயிட் நம் பக்கம் வரும், ஆனால் நொடிக்கு நூற்றுக்கணக்கில் அல்ல, எண்ணிக்கை மிகக் குறைவாக.

இடையில் கிளவுட் நாட் கேட்வே (பல இயந்திரங்களைப் பொது ஐபி வழியாக வெளியே அனுப்பும் சேவை) இருந்தால் அதன் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். ஏடபிள்யூஎஸ் நாட் கேட்வே 350 நொடி சும்மா இருக்கும் இணைப்பை மறந்துவிடும். லினக்ஸின் டிசிபி கீப்-அலைவ் ஆய்வு (எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் வேறொரு வசதி) இயல்பாக 7,200 நொடிக்குப் பிறகுதான் தொடங்கும். நடுவில் இருக்கும் இடைவெளியில் இணைப்பு உயிரோடு இருப்பதாக நம் பக்கம் மட்டும் நம்பிக்கொண்டிருக்கும். இதே கேட்வேயில் ஓர் ஐபியிலிருந்து ஓர் இலக்குக்கு ஒரே நேரத்தில் 55,000 இணைப்புகள்தான் என்ற வரம்பும் உண்டு. வெளியே ஒரே ஏபிஐ-யை அடிக்கும் இயந்திரங்கள் பல அதன் பின்னால் இருந்தால், ஒவ்வொன்றின் கர்னலையும் எவ்வளவு திருகினாலும் அந்தச் சுவர் நகராது. அங்கே இணைப்பைத் திறந்தே வைப்பதுதான் உதவும்.

சுமைப் பகிர்வு அடுத்தது. நீண்ட நாள் வாழும் இணைப்பு, தொடங்கிய இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். குபெர்னெட்டிஸில் சேவையின் பின்னால் இரண்டு பாட் (சேவையின் ஓடும் பிரதி) இருந்ததை ஆறாக்கினாலும், பழைய இணைப்புகள் பழைய இரண்டையே அடிக்கும், ஏனென்றால் அங்கே பகிர்வு இணைப்பு அளவில் நடக்கிறது. டிஎன்எஸ்-ஐ மாற்றி வேறு சர்வருக்குத் திருப்பும்போதும் இதுவே சிக்கல். இணைப்புக்கு ஓர் அதிகபட்ச ஆயுளோ, அதிகபட்சக் கோரிக்கை எண்ணிக்கையோ வைத்தால் போதும். என்ஜின்எக்ஸின் சமீபப் பதிப்புகளில் 1,000 கோரிக்கைக்கு ஒருமுறை புதுப்பிப்பது இயல்பாகவே உண்டு.

டேட்டாபேஸில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். மைஎஸ்க்யூஎல் இயல்பாக 151 இணைப்புகளைத்தான் அனுமதிக்கும். பிஎச்பி ஒர்க்கர்கள் 200 பேரும் ஆளுக்கொரு நிரந்தர இணைப்பைப் பிடித்துக்கொண்டால் கதவு அடைபடும். முந்தைய கோரிக்கை விட்டுச்சென்ற தற்காலிக அட்டவணையோ பூட்டோ அடுத்தவர் தலையில் விழவும் வாய்ப்புண்டு. பிஎச்பி-யின் நேரடி நிரந்தர இணைப்பைவிட நடுவில் இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் ஒரு பூலர் வைப்பது நிம்மதி.

## யூனிக்ஸ் சாக்கெட்

என்ஜின்எக்ஸும், பிஎச்பி நிரல்களை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மும் ஒரே இயந்திரத்தில் இருந்தால் டிசிபி எதற்கு? ஒரே இயந்திரத்து நிரல்கள் தங்களுக்குள் பேசும் யூனிக்ஸ் சாக்கெட்டில் போர்ட்டும் இல்லை, டைம்-வெயிட்டும் இல்லை. ஒரே ஒரு கவனம்: காத்திருப்பு வரிசை நிரம்பினால் டிசிபி போல மறுபடி முயலாது, உடனே பிழை எண் 11 கிடைக்கும். அந்த வரிசையின் நீளத்துக்கான ‘சோமேக்ஸ்கான்’ என்ற வரம்பு 5.4 கர்னலுக்கு முன் 128-ஆக இருந்தது, இப்போது 4096. பழைய கர்னல் என்றால் அதை உயர்த்துங்கள், பிஎச்பி-எஃப்பிஎம்மின் சொந்த பேக்லாக் எண்ணையும் கூடவே பாருங்கள். நாளைக்கு பிஎச்பி-யை வேறு இயந்திரத்துக்கு நகர்த்தும் திட்டம் இல்லையென்றால் இதைவிட எளிய வழி இல்லை.

## கைவைக்க வேண்டாதவை

டிசிபி_டிடபிள்யூ_ரீசைக்கிள். 2017-இல், 4.12 கர்னலோடு நீக்கப்பட்டது. காரணம் நியாயமானது. அது ஓர் ஐபிக்கு ஒரே கடிகாரம் என்று நம்பியது. மொபைல் நெட்வொர்க்கில் ஆயிரக்கணக்கானோர் ஒரே பொது ஐபி வழியாக வருகிறார்கள், ஒவ்வொரு போனுக்கும் தனிக் கடிகாரம். எண் பின்னால் இருப்பவரின் சின் பாக்கெட் சத்தமில்லாமல் கைவிடப்படும். அலுவலக வைஃபையில் ஒருவருக்குத் தளம் திறக்கும், பக்கத்து நாற்காலிக்காரருக்குத் திறக்காது. 3.10 கர்னலோடு சென்ட்ஓஎஸ் 7 இன்னும் ஓடும் இடங்களில் இது உயிரோடு இருக்கலாம். 1 என்று இருந்தால் இன்றே 0 ஆக்குங்கள்.

டிசிபி_ஃபின்_டைம்அவுட். இது ஃபின்-வெயிட்-2 என்ற வேறொரு நிலைக்கானது. 15 ஆக்கிவிட்டு, ‘எஸ்எஸ்’ கட்டளையில் டைமரையும் சேர்த்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள். டைம்-வெயிட் வரிகளில் 59 நொடி, 52 நொடி, 47 நொடி என்று பழையபடியே இறங்கிக்கொண்டிருக்கும்.

டிசிபி_மேக்ஸ்_டிடபிள்யூ_பக்கெட்ஸ். இதைக் குறைத்தால் எண்ணிக்கை குறைவது உண்மை. வரம்பைத் தாண்டும் டைம்-வெயிட்டுகளைக் கர்னல் எந்தச் சோதனையும் இன்றி அழித்துவிடும், அதனால்தான். செயற்கையாகக் குறைக்கக் கூடாது என்று ஆவணமே அழுத்திச் சொல்கிறது.

எஸ்ஓ_லிங்கர் பூஜ்ஜியம். மூடும்போது ஃபின்னுக்குப் பதில் ரீசெட் போகும். அனுப்பாமல் பஃபரில் இருந்த தரவு போய்விடும், எதிர்ப்பக்கம் இன்னும் படிக்காததும் போகலாம். போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் தட்டிப் பார்க்கும் உடல்நலச் சோதனைக்கு இது பொருத்தம். பணம், ஆர்டர், கோப்பு எதையாவது சுமக்கும் இணைப்பில் வேண்டவே வேண்டாம்.

## எந்த நிலைக்கு எது

நிரலை மாற்ற முடியும் என்றால் இணைப்பைத் திறந்தே வையுங்கள், டைம்அவுட்டுகளை வரிசைப்படுத்துங்கள், சிஸ்சிடிஎல்லைத் தொடாதீர்கள். நிரல் வேறொருவருடையது, ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது இணைப்பு திறக்கிறது, மாற்ற முடியாது என்றால் ரீயூஸ் 1, கூடவே 10000-இலிருந்து தொடங்கும் போர்ட் வரம்பு. ஒரே இயந்திரம் என்றால் யூனிக்ஸ் சாக்கெட், முடியாவிட்டால் 127.0.0.1. உயிருள்ள இணைப்புகளே போர்ட்டை நிரப்பினால் கூடுதல் ஐபி. வாசகர் பக்கத்து டைம்-வெயிட் மட்டும்தான் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.

ரீயூஸைத் தேர்ந்தவர்கள், மாற்றியதும், கர்னலின் நெட்வொர்க் எண்ணிகளைக் காட்டும் ‘என்ஸ்டாட்’ கட்டளையில் ‘டிடபிள்யூரீசைக்கிள்ட்’ என்ற எண்ணியைப் பாருங்கள். மேலே நீக்கப்பட்டதாகச் சொன்ன செட்டிங்கின் பெயர் போலவே இருந்தாலும், டைம்-வெயிட்டிலிருந்து மறுபடி எடுத்த போர்ட்டுகளை எண்ணுவது இதுதான். சுமை நேரத்தில் அது ஏறிக்கொண்டே போனால் செட்டிங் வேலை செய்கிறது. வரம்பு நிரம்பிய நேரத்திலும் பூஜ்ஜியத்திலேயே நின்றால், இரு பக்கமும் டைம்ஸ்டாம்ப் இயங்குகிறதா என்றும், மாற்றத்தைச் சரியான நேம்ஸ்பேஸில்தான் செய்தீர்களா என்றும் பாருங்கள். பக்கத்திலேயே ‘டைம்வெயிட்ஓவர்ஃப்ளோ’ என்று இன்னொரு எண்ணி உண்டு. அது பூஜ்ஜியத்தைத் தாண்டியிருந்தால், முன்னால் வேலை பார்த்த யாரோ பக்கெட்ஸ் வரம்பைக் குறைத்து வைத்திருக்கக்கூடும். சிஸ்சிடிஎல் கோப்புகளில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.